நிறுத்தக் கூரையில் ஒரு பாட்டு

அன்புள்ள அம்மா,

அப்பா வேலைக்குப் போன பிறகு இதை உன்னிடம் கொடுக்கும்படி வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன்.

தொலைக்காட்சியில் நீ பார்த்த சிவப்பு முகமூடிக்காரி நான்தான். நானும் தோழிகளும் மாஸ்கோ சதுக்கத்துப் பேருந்து நிறுத்தத்தின் கூரையில் ஏறி, கிடாரை அலறவிட்டு, பெண்டாட்டியை அடிப்பவனை அபராதத்தோடு விட்டுவிடும் சட்டத்தைத் திட்டிப் பாடினோம். பிடிக்க வந்த போலீஸ்காரருக்குக் குறுக்கே, மேலே போகும் மின்கம்பியில் கொக்கி மாட்டி ஓடும் ஒரு டிராலிபஸ் நின்றது.

"வண்டிய எடும்மா!" என்று கத்தினார்.

ஓட்டுநர் உன் வயதுப் பெண். அசையவே இல்லை. "மேல கம்பி கழண்டுடுச்சு சார். பொண்ணுங்க பாடி முடிக்கட்டும், மாட்டிடறேன்" என்றாள்.

முழுப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் பிடிபட்டோம், அம்மா!

இன்று விசாரணை அதிகாரி, "மன்னிப்புக் கேட்டுடு, சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

"மொதல்ல அடிச்சவங்க கேக்கட்டும் சார்" என்றேன்.

அதனால் நான் வர நாளாகும். மாஸ்கோவில் என் அறை காலியாகத்தான் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டு ஃபைனாவிடம் இருக்கிறது. நீ வருவாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஜூலை வெயிலிலும் ஏன் முழுக்கைச் சட்டை என்று அங்கே உன்னை யாரும் கேட்கமாட்டார்கள். பெட்டி எதுவும் கட்டாதே. ரொட்டி வாங்கப் போவதுபோல் கிளம்பி வா.

உன் மகள்