சத்தம் போடாத பெட்டி

பிப்ரவரி 6

அண்ணாவுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல, ஒரு வேலை விஷயமாக.

என் கல்யாணத்துக்கு நீ செய்து கொடுத்த கம்ப்யூட்டரில்தான் இன்னமும் வேலை பார்க்கிறேன். கட்டாத வீட்டைக் கட்டி முடித்தது போலப் படமாக்கிக் கொடுக்கிற அதே வேலைதான். முன்பு ஆபீஸில் செய்தேன், இப்போது வீட்டில். வீடு என்றால் ஒரே அறை, ஒரு சமையலறை. என் மேஜைக்கும் அவர் கட்டிலுக்கும் நான்கு அடி தூரம்.

விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்குச் சத்தம் ஆகாது. மிக்ஸி ஓடினால் வாந்தி எடுக்கிறார். கம்ப்யூட்டர் படத்தை உருவாக்கும்போது விசிறிகள் சூட்டைத் தள்ள முடியாமல் இரைகின்றன. அவர் தலையணையால் காதை மூடிக்கொண்டு சுவரோடு சுருண்டுவிடுகிறார். காதில் பஞ்சு வைத்தால் தலைக்குள் ரத்தம் ஓடுவது கேட்கிறதாம். அது இன்னும் பயமாக இருக்கிறதாம். பெட்டியைச் சமையலறைக்கு மாற்றிப் பார்த்தேன். அடுப்புச் சூட்டில் அரை மணி நேரத்தில் நின்றுபோனது.

உள்ளே குழாய் வைத்துத் தண்ணீர் ஓடவிட்டால் சூடு தணியும், விசிறி மெல்லச் சுற்றினாலே போதும் என்று படித்தேன். ஆனால் கடைக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்த்ததும், "இது யாரோ கையால வெட்டி ஒட்டினதும்மா. உள்ள இடமே இல்ல. பெருசா ஒண்ணு வாங்கிக்குங்க" என்கிறார்கள். பெரிதாக வாங்கினால் வைக்க இடம் ஏது? உள்ளே எதை எங்கே வெட்டினாய் என்று உனக்குத்தான் தெரியும்.

முடியுமா முடியாதா என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
தங்கை


பிப்ரவரி 17

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன். இங்கே வரும் கடிதத்தையும் போகும் கடிதத்தையும் ஜெயில் அதிகாரி ஒருவர் படித்த பிறகுதான் விடுவார்கள். உன்னுடையதைக் கொடுக்கும்போது, "தங்கச்சி கோவமா இருக்காங்க போல, 'அன்புள்ள'வே இல்லையே" என்றார். "கோவமா இருந்தா என்ன சார், எழுதிட்டா இல்ல" என்றேன்.

முடியும். உன் பெட்டி இரண்டு செருப்புப் பெட்டிகளை அடுக்கிய அளவுதான், ஆனால் இடம் இருக்கிறது. மேல்மூடிக்குக் கீழே குறுக்குப் பட்டை ஒன்றை நான் அறுத்து எடுத்திருக்கிறேன். அங்கே தண்ணீரை ஆற்றுகிற இரண்டு விசிறி ரேடியேட்டர் ஒன்று படுக்கும். இருபத்தேழு மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் வாங்காதே. கீழே மின்சார வயர் செருகும் இடத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டே மில்லிமீட்டர்தான் மிஞ்சும். விசிறியும் ஒல்லி ரகமாக இருக்கட்டும். பம்பும் தண்ணீர்த் தொட்டியும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற சின்ன ரகமாகப் பார். பிராசஸர் மேல் ஒரு செம்புக்கட்டி, கிராபிக்ஸ் கார்டு மேல் ஒரு செம்புக்கட்டி, தண்ணீர் அவற்றின் ஊடாக ஓடிச் சூட்டை எடுத்துப் போகும். ரேடியேட்டரும் செம்பாகவே இருக்கட்டும். விலை குறைவு என்று அலுமினியத்தைக் கலந்துவிடாதே, ஒன்றை ஒன்று அரித்துவிடும்.

படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். அளவுகோல் தரமாட்டார்கள், சோப்பு அட்டையை வைத்துக் கோடு இழுத்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் ஆடு திருடிவிட்டு வந்தவர். எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு வீட்டுக்குப்பா குழாய் போடுற?" என்றார்.

கிராபிக்ஸ் கார்டின் நீளம் எவ்வளவு? அதன் முனைக்கும் முன்பக்கத் தகட்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது? பம்பை அங்கேதான் உட்கார வைக்க வேண்டும்.

மாப்பிள்ளை எழுந்து நடக்கிறாரா?

உன் அண்ணன்


மார்ச் 3

அண்ணாவுக்கு,

கார்டு இருநூற்று இருபது மில்லிமீட்டர். முனைக்கு முன்னால் நான்கு விரல் நுழைகிறது, அதில் ஒரு விரல் இடத்தை வயர்க்கற்றை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை ஒதுக்கலாமா?

அவர் நடக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை. கேட்டாய், அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

விபத்து நடந்த நாள் அவருக்கு நினைவில் இல்லை. காலையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தேனே, அது வரைக்கும் இருக்கிறது. அப்புறம் ஆஸ்பத்திரிதான். நடுவில் நடந்தது அத்தனையும் நீ கோர்ட்டில் சொன்னது. வண்டி ஓட்டிய உன்னோடு ஏதோ வாக்குவாதம், கோபத்தில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார், கார் சைக்கிள்காரர் மேல் ஏறி மரத்தில் மோதியது. அவர் மயங்கிக் கிடந்தபோது அவர் தலையில் இதைப் போட்டாயே என்று உன் மேல் எனக்கு ஆறாத கோபம். நடந்ததாகவே இருந்தாலும் சொல்லாமல் விட்டிருக்கலாம். இப்படிச் செய்தாரே என்று அவர் மேலும் கோபம் இருக்கிறது, மறைப்பானேன்.

தினமும் காலையில் எழுந்ததும், "என்னை மன்னிச்சிடு. உங்க அண்ணனையும் உள்ள தள்ளிட்டேன், ஒரு மனுசனையும் கொன்னுட்டேன்" என்கிறார். "போனது போகட்டும், விடுங்க" என்று காப்பியைக் கொடுப்பேன்.

போன மாதம் அந்த சைக்கிள்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். வேண்டாம் என்றால் சாப்பிடவில்லை. போனோம். இறந்தவரின் மனைவி, அந்த அம்மா, எங்களை உள்ளே கூப்பிடவில்லை. இவர் கையைப் பார்த்து, "இந்தக் கைதானா?" என்று மட்டும் கேட்டார். கதவைச் சாத்திவிட்டார். அன்றிலிருந்து இவர் வலது கையால் சாப்பிடுவதில்லை. கரண்டியை இடது கையில் பிடித்துச் சிந்திச் சிந்திச் சாப்பிடுகிறார்.

ஒன்று மட்டும் சொல். அன்று எதைப் பற்றி வாக்குவாதம்? "எதுக்காக எனக்கு அவ்ளோ கோவம் வந்துச்சு?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். காரணம் தெரிந்தால் கொஞ்சம் ஆறுவார்.

தங்கை


மார்ச் 15

அன்புள்ள வாலு,

வயர்க்கற்றையைத் தாராளமாக ஒதுக்கலாம். மதர்போர்டுக்குப் பின்னால் ஒரு சந்து விட்டிருக்கிறேன், அதில் திணித்துவிடு. பம்புக்கு அடியில் ரப்பர் அட்டை வை. தகட்டைத் தொட்டால் உறுமும், மாப்பிள்ளைக்கு அதுவே போதும்.

தண்ணீர் போகிற வழி இது: தொட்டி, பம்பு, கார்டு, பிராசஸர், ரேடியேட்டர், மறுபடி தொட்டி. வளைத்த கண்ணாடிக் குழாய் பார்க்க அழகு, உனக்கு வேண்டாம். மெத்தென்ற குழாய் போடு. கொஞ்சம் நீளமாகவே வெட்டு. நீளத்தைக் குறைக்கலாம், குறைந்ததை நீட்ட முடியாது. மடிப்பு விழுந்தால் தண்ணீர் நிற்கும். ரேடியேட்டருக்குள் தொழிற்சாலைத் தூசு இருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி நன்றாகக் குலுக்கிக் கொட்டு, தெளிவாக வரும்வரை.

மிக முக்கியம்: மாட்டி முடித்ததும் கம்ப்யூட்டரை ஓட்டிவிடாதே. பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடு. மூட்டுகளுக்கு அடியில் எல்லாம் டிஷ்யூ தாள் வைத்து ஒரு நாள் முழுக்கக் கவனி. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் பம்பு ஒரு நொடிகூட ஓடக் கூடாது. கொடகொடவென்று சத்தம் வந்தால் பயப்படாதே, அது காற்று. பெட்டியைக் குழந்தையைத் தோளில் சாய்ப்பது போலச் சாய்த்துப் பிடி, ஏப்பம் விடும்.

வாக்குவாதம் எதைப் பற்றி என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஏதோ சின்ன விஷயம்.

உன் அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணாவுக்கு,

சாமான்கள் எல்லாம் வந்ததும் மாட்டிவிட்டேன். நீ சொன்ன அளவு ஒன்றுகூடத் தப்பவில்லை. ரேடியேட்டருக்குக் கீழே நீ சொன்ன அதே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. கத்திரிக்கோலால் குழாயை வெட்டப் போய் முதல் குழாய் கோணல், இரண்டாவது குட்டை. மூன்றாவதுதான் உருப்பட்டது.

ஒழுகுகிறதா என்று பார்க்கும் வேலையை அவரிடம் கொடுத்தேன். மூன்று வருடத்தில் அவர் செய்த முதல் வேலை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மத்தியானம் ஒரு தாள் நனைந்திருந்தது. கார்டுப் பக்கத்து மூட்டை நான் சரியாக முறுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தார். "நான் தொட்டதாலயா? நான்தான் ஏதோ பண்ணிட்டேனா?" என்றார். "இல்லைங்க, நான் முறுக்கல" என்று பத்துத் தடவை சொன்னேன். நம்பவில்லை. உலகத்தில் எது கெட்டாலும் தன் கைதான் என்று நினைக்கிற மனுஷராகிவிட்டார்.

துடைத்து, முறுக்கி, மறுபடி ஒரு நாள் ஓட்டினேன். ஒழுகவில்லை. நேற்றிலிருந்து வேலை செய்கிறேன். நான் பென்சிலை மேஜையில் வைக்கிற சத்தம் கம்ப்யூட்டர் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்கிறது. அவர் என் முதுகுக்குப் பின்னால் தூங்கினார்.

அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்பு அறுத்த தகடு, எங்கே எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சும் என்பது உனக்கு நினைவிருக்கிறது. ஒரு மனிதரைக் கொன்ற சண்டை எதற்கு என்று நினைவில்லை. கோர்ட்டிலும் "ஏதோ வாக்குவாதம்" என்றுதான் சொன்னாய். நானும் கேட்கவில்லை. அண்ணன் பொய் சொல்லமாட்டான் என்று இருந்துவிட்டேன்.

அண்ணா, அவர் ஸ்டியரிங்கைத் தொட்டாரா?

தங்கை


ஏப்ரல் 26

அன்புள்ள வாலு,

தொடவில்லை.

சண்டையும் இல்லை. ஒரு வாடிக்கையாளர், கம்ப்யூட்டர் எப்போது தயாராகும் என்று போனில் கேட்டிருந்தார். வண்டியை ஓட்டிக்கொண்டே நான் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை, "மச்சான், போனை வைங்க, ரோட்டைப் பாருங்க" என்றார். இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை, "குடுங்க, நான் அடிக்கிறேன்" என்று போனுக்குத்தான் கையை நீட்டினார். நான் போனை இந்தப் பக்கம் இழுத்தேன். நிமிர்ந்தபோது சைக்கிள் காரின் முன்கண்ணாடியில் இருந்தது.

மாப்பிள்ளை பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார். அப்போது வக்கீல், "அவர் ஸ்டியரிங்கை இழுத்தார்னு சொன்னா தண்டனை பாதியாகும். எதிர்த்துச் சொல்ல ஆள் இருக்காது" என்றார். இறந்துபோகிறவர் மேல் போட்டால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன். அவர் பிழைத்துக்கொண்டார். அந்த நாளின் நினைவு மட்டும் திரும்பவில்லை என்று நீ சொல்லி அனுப்பியபோது, கடவுளே என்று கும்பிட்டேன், வாலு. என் தங்கை புருஷனுக்கு நினைவு வரவில்லை என்று கும்பிட்டவன் நான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்தச் சோற்றை அவர் இடது கையால் சாப்பிடுகிறார் என்று நீ எழுதினாய். இருந்தும் குழாயைப் பற்றித்தான் எழுதினேன். அதைத் தவிர உனக்கு என்னால் உண்மையாக எழுத முடிந்தது வேறு எதுவும் இல்லை.

இந்தக் கடிதத்தை நீட்டியபோது அதிகாரி படித்துவிட்டு, "நல்லா யோசிச்சியா? ஜூலைல விடுதலையாகிற பட்டியல்ல உன் பேர் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு மறுபடி கொடுத்தேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

வருடத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். எப்போது வெளியே வந்தாலும், ஒரு நாள் வந்து அதைச் செய்துவிட்டுப் போகட்டுமா? வாசலிலேயே உட்கார்ந்து செய்கிறேன். பெட்டியை மட்டும் வெளியே எடுத்துக் கொடு.

உன் அண்ணன்


மே 14

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அவருக்கு வாசித்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு சொல்கூட அவர் காதுக்குத் தப்பவில்லை. மூன்று முறை வாசிக்கச் சொன்னார். "அப்ப நான் இல்ல" என்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "மூணு வருசமா நான் மன்னிப்பு கேட்டப்ப எல்லாம் நீ மன்னிச்சியே. அப்ப நீயும் அதை நம்பினியா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "நம்பினேன்" என்றுதான் வந்தது.

"என்கூட ஒன்பது வருசம் குடும்பம் நடத்தியிருக்க. நான் ஓடுற வண்டியில ஸ்டியரிங்கைப் புடிச்சு இழுக்கிற ஆளா? ஒரு தடவையாவது உனக்குச் சந்தேகம் வரலையா?" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நீ ஒரு நாள் பொய் சொன்னாய். நான் தினமும் காலையில் அதைக் காப்பியோடு கொடுத்திருக்கிறேன்.

சைக்கிள்காரர் வீட்டுக்குத் தனியாகப் போய்க் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பிள்ளைகிட்ட நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாமே" என்றார். அப்புறம், "கடிதத்தைக் கோர்ட்டுல குடு" என்றார். கொடுத்துவிட்டேன். ஜூலையில் உன்னை விடமாட்டார்கள் என்று வக்கீல் சொல்கிறார். வேறு வக்கீல்.

நீ உண்மையை எழுதினாய். எழுதாமலும் இருந்திருக்கலாம், அது எனக்குத் தெரிகிறது. ஆனால் வராதே. தண்ணீரை நானே மாற்றிக்கொள்வேன், வாசல் வரைக்கும்கூட வராதே. எனக்கு எழுதவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வந்து அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறார். அவராகவே போன் செய்து வரச் சொல்லியிருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். தெரியவில்லை என்று தலையை ஆட்டினார். அங்கே மூன்று பிள்ளைகள், தெருவைப் பார்த்த வீடு. எந்த மாத்திரை எப்போது, எந்தச் சத்தம் ஆகும், எது ஆகாது என்று அக்காவுக்கு ஒரு தாளில் எழுத வேண்டும். அவருடைய சட்டைகளும் இன்னும் மடிக்கவில்லை. அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

தங்கை