சிலுவையம்மாளின் கீரைப் பாத்தி

12.1.1968, வெள்ளி
துறைமுகத்தில் உர மூட்டை இறக்கினோம். நான் இல்லையென்றால் அந்தக் கப்பல் ஒரு மாதம் அங்கேயே கிடந்திருக்கும். காப்டன் என்னைப் பார்த்துக் கை காட்டினார். குலுக்கினார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

கிழிந்த மூட்டைகளிலிருந்து சிந்திய வெள்ளை உரத்தைக் குப்பையில் கொட்டச் சொன்னார்கள். ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்தேன் – தங்கை சிலுவையம்மாளுக்கு. புருஷன் போனபிறகு திருவொற்றியூரில் குத்தகைக்கு எடுத்த கீரைத் தோட்டம்தான் அவளுக்குச் சோறு. மகள் ஆலிஸின் படிப்பும் அதில்தான்.

14.1.1968, ஞாயிறு
பூசை முடிந்ததும் தோட்டத்துக்குப் போய் நானே தூவினேன்.
"போதும்ணே, சக்கரை கொட்ன மாரி கீது" என்றாள் சிலுவை.
"ஜப்பான்காரன் இத்தவுட மூணு பங்கு போடறான், உனுக்கு இன்னா தெரியும்?" என்றேன்.
ஜப்பான்காரனை நான் எங்கே கண்டேன்?

15.1.1968
கீரையெல்லாம் தலை தொங்கிவிட்டது. மண் என்னவோ ஈரமாகத்தான் இருக்கிறது. சிலுவை குடத்தைத் தூக்கினாள்.
"ரொம்பத் தண்ணி வுட்டுப் பாக்கலாம்ணே."
"வுடாதே! உரமெல்லாம் கரைஞ்சி ஓடிரும். அதுக்குப் பசி அடங்கல."
மீதி உரத்தையும் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

17.1.1968
கருகிவிட்டது. நாலு பாத்தியும்.

18.1.1968
ஆலிஸ் பதினோராவது படிக்கிறாள். பாடத்தில் வந்ததாம். திட்டாமல்தான் சொன்னாள்.
"மாங்காத் துண்டுல உப்பு போட்டா தண்ணி வுடுதுல்ல மாமா? அதான் இது. வேருக்குள்ள கீறத வுட வெளிய உப்பு கெட்டியாப்பூடுச்சி. தண்ணி உள்ள போவாம, வேர்ல இருந்து வெளிய வந்துகினு இருந்திருக்குது."
"உங்கம்மா அன்னிக்கே தண்ணி வுட்டிருந்தா?"
"நெறைய வுட்டிருந்தா உப்பு கரைஞ்சி கீழ எறங்கியிருக்கும். பொழச்சிருக்கும் மாமா."

ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் செத்திருக்கிறது. குடத்தைப் பிடித்து நிறுத்தியது இந்தக் கை. சிலுவைக்குத் தெரிந்திருக்கிறது – எனக்குத்தான் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் இன்னா கொறஞ்சி பூட்டிருக்கும் எனக்கு?

25.1.1968
"மண்ணையே கெடுத்துட்டீங்களேம்மா" என்று நிலத்துக்காரர் கோதண்டம் குத்தகையை நிறுத்திவிட்டார். சிலுவை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு பேர் எதிரில் வைத்துத் திட்டித் தொலைக்கக் கூடாதா?

26.1.1968
தூக்கமில்லை.

3.2.1968, சனி
ஆலிஸ் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போகத் தொடங்கி மூன்று நாள். ஐஸ் தண்ணீரில் விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. சாயங்காலம் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.
"பேஜாரா கீது. எதுனா கதை வுடு மாமா" என்றாள்.
சிலுவைகூட அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தேன்.
ஒரு பொய்கூட வரவில்லை.