வேண்டாம் என்று நான் சொன்ன கோப்பை

மொந்தோவி, இத்தாலி,
அக்டோபர் 19

அன்பு மகள் மிலேனாவுக்கு,

மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை டேரனும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் பெரிதாகக் குறை சொல்ல முடியாதபடி இருக்கிறேன். தொலைபேசியில் நீ பேசத் தொடங்கினால் எனக்குச் சரி சரி என்று மட்டுமே வாயில் வருகிறது, சொல்ல வேண்டியது தொலைபேசியை வைத்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே எழுதுகிறேன். நாற்பது வருடம் வேதியியல் பாடம் நடத்திய பழக்கம், சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. என் உடம்பும் வீடும்.
2. போன வாரம் பரோலோவுக்குப் போய் ஒயின் சுவைத்தது.
3. மதியச் சாப்பாட்டு மேசையில் நான் செய்த காரியம்.
4. என் மூக்கு திரும்பிவிட்டது. ஆகவே வீட்டை விற்க வேண்டியதில்லை, நான் இங்கேயே தனியாக இருக்கலாம்.

முழங்கால் பழையபடிதான், இரத்த அழுத்த மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை, கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றியாகிவிட்டது. பிப்ரவரிக் காய்ச்சலில் போன மோப்பம் பற்றித்தான் உனக்குக் கவலை என்று தெரியும். மார்ச்சில் அடுப்பைப் பற்றவைக்காமல் எரிவாயுவைத் திறந்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு டெல்ஃபீனா வந்து ஜன்னல்களைத் திறக்காவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. அதை அவள் சொல்லி நீ அறிந்தாய், நானே சொல்லியிருக்க வேண்டும். வாசனை தெரியாதவர் தனியாக இருக்கக் கூடாது, கிறிஸ்துமஸுக்குள் வீட்டை விற்றுவிட்டு மெல்போர்னுக்கு வந்துவிடுங்கள் என்றாய். உன் வாதத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை, அதனால் சரி என்றேன். ஆனால் எனக்கு வர விருப்பமில்லை மிலேனா. இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன். கேள்வி மூக்கைப் பற்றியது என்றால் மூக்கைத்தான் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்து, காப்பி, வினிகர், கிராம்பு மூன்றையும் மூன்று சீசாவில் போட்டு ஏப்ரலிலிருந்து தினமும் காலையில் முகர்ந்து நோட்டில் எழுதிவருகிறேன். எல்லா நாளும் பூஜ்யம். ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கம் பரோலோ மலைக்கு ஒருநாள் சுற்றுலா என்று அறிவித்ததும், வழக்கமாக ஒதுங்கிவிடுகிற நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். மூக்குக்கு அதைவிடக் கடுமையான தேர்வு எங்கே கிடைக்கும்.

பேருந்துக்குப் பொறுப்பு பத்தீஸ்தா, எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தாரே அவர்தான், விசிலை இன்னும் கழுத்திலிருந்து கழற்றவில்லை. எல்லோரையும் எண்ணிய மனிதர் தன்னை எண்ண மறந்து, உணவகத்தில் ஒரு நாற்காலி குறைவாகச் சொல்லிவைத்திருந்தார். டெல்ஃபீனாவும் வந்தாள். காலையில் நிலவறையில் பீப்பாய்களுக்கு நடுவே வரிசையாக ஐந்து ஒயின். சுவைத்துவிட்டுத் துப்ப வாளி வைத்திருந்தார்கள், பத்தீஸ்தா அதைக் காலால் ஓரம் தள்ளி, "துப்புறதுக்கா எங்கப்பன் திராட்சை நட்டான்?" என்றார். ஒருவர் ரோஜா வாசனை என்றார், இன்னொருவர் தார் வாசனை என்றார். எனக்கு ஈரமும் குளிரும் தவிர ஒன்றுமில்லை. என் நோட்டை எட்டிப் பார்த்த டெல்ஃபீனா, "என்னய்யா, அஞ்சுக்கும் பூஜ்யம் போட்டு வச்சிருக்க? பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் போட்டது பத்தலையா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் மனதுக்குள் வீட்டு விற்பனைப் பத்திரம் எழுதத் தொடங்கிவிட்டேன்.

மதியம் வெள்ளை மேசைவிரிப்பு போட்ட பெரிய உணவகம். ஒருவருக்கு மூன்று கோப்பை, நான்கு முள்கரண்டி. நம் வீட்டு அன்யோலொத்திக் கொழுக்கட்டையில் பாதி அளவில் ஏழே ஏழு, அண்டா வாய் போன்ற தட்டின் நடுவில் வந்தன. பத்தீஸ்தா, "மீதி எப்ப வரும்மா?" என்று கேட்டார். எங்கள் சங்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், மேசையில் மூத்தவர் கோப்பையில் முதலில் ஒரு விரல் ஊற்றுவார்கள், அவர் தலையசைத்தால்தான் மற்றவர்களுக்கு. அன்று மூத்தவன் நான். வந்த சீசா பத்தீஸ்தாவின் அக்கா மகன் செய்தது, நான்கு வருடம் காத்திருந்து அவன் வெளியே விட்ட முதல் ஒயின், அதை இந்த உணவகம் வாங்கிக்கொண்டதில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் முகர்ந்தேன். மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றம் மூக்கில் அடித்தது.

எட்டு மாதத்தில் முதல் வாசனை. தக்கை கெட்டுப்போன ஒயினுக்கு அந்த நாற்றம்தான் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இல்லாத மூக்கை நம்பி அடுத்தவர் பிழைப்பைக் குற்றம் சொல்லலாமா? தலையசைத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, என் வாழ்நாளில் நான் தலையசைக்காத சீசா கிடையாது. ஆனாலும் கோப்பையின் மேல் கையை வைத்து, வேண்டாம், இது கெட்டிருக்கிறது என்றேன். பத்தீஸ்தா எழுந்தே விட்டார். "வாத்தியாரே, உங்க மூக்கு செத்து எட்டு மாசம் ஆச்சு, அடுப்புல வாயு வந்ததே தெரியல உங்களுக்கு. என் பையனோட ஒயின்லயா குத்தம் கண்டுபிடிக்கிறீங்க?" ஒயின் பரிமாறும் பெண் வேறு கோப்பையில் ஊற்றிச் சுவைத்தாள். "நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள் மெதுவாக. மேசை முழுக்கச் சிரிப்பு. எனக்கு நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது, ஆனால் நாற்றம் அங்கேயேதான் இருந்தது. என் கோப்பையை நீயே முகர்ந்து பாரம்மா என்றேன். அவள் அதிலிருந்ததைக் கொட்டிவிட்டு வெறும் கோப்பையை முகர்ந்தாள், முகம் மாறியது. "மன்னிக்கணும் சார். ஒயின்ல ஒண்ணுமில்ல, கிளாஸ்லதான். ஒரு ஆள் கூடிட்டதால அவசரத்துல அட்டைப்பெட்டியிலேர்ந்து எடுத்துக் கழுவாம அப்படியே வச்சிருக்காங்க. நீங்க சொல்லலேன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது." பத்தீஸ்தா உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை, என் பையனைத் தூக்குல போடப் பாத்தீங்களே" என்றார். ஒயின் மேல் பழி போட்டது என் பிழை, அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். புதிய கோப்பையில் எல்லோருக்கும் ரோஜா தெரிந்தது. எனக்கும் ஏதோ இருந்தது போலிருந்தது, ரோஜா என்றே எழுதிக்கொண்டேன்.

ஆகவே மகளே, வீட்டுத் தரகரிடம் வேண்டாம் என்று நாளையே சொல்லிவிடுகிறேன். நீ வருத்தப்படுவாய், படு, நான் மாறப்போவதில்லை. நீ மதியம் நின்றுகொண்டே சாப்பிடுவதாக டேரன் சொன்னார், பத்து நிமிடமாவது உட்கார்ந்து சாப்பிடு. காரின் முன்சக்கரத்தைப் பார்க்கச் சொன்னேன், பார்த்தாயா? கடவுள் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அப்பா,
எவாஸியோ

பி.கு. கையெழுத்துப் போட்டு மடித்துக்கொண்டிருந்தபோது பின்கதவு வழியாக டெல்ஃபீனா ஓடி வந்தாள். காப்பிக்காக அடுப்பில் பால் வைத்திருந்தேன். "யோவ் எவாஸியோ, பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை! மகளுக்கு மூக்குப் பெருமை எழுதிட்டிருக்கியா?" என்று கத்தினாள். பத்தடி தூரத்தில்தான் இருந்தேன், புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மிலேனாவிடம் மூச்சு விடமாட்டேன் என்று அவளாகவே சொன்னாள், சொன்னபடி இருக்கக்கூடியவள்தான். இந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றதை மட்டும் அஞ்சலில் போட்டிருக்கலாம். போடவில்லை. எரிவாயுக் குழாயைத் திங்கட்கிழமை வெட்டச் சொல்லி ஆளிடம் பேசிவிட்டேன், மின் அடுப்பு வருகிறது. வீட்டைப் பற்றி, இது உன் கைக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது பேசுவோம், இந்த முறை சரி சரி என்று சொல்ல மாட்டேன், வாதாடுவேன். ஆனால் உன்னிடம் பொய்க் கணக்கை வைத்துக்கொண்டு வாதாட மாட்டேன். என் மூக்கு திரும்பிவிடவில்லை, கொஞ்சம்தான் வந்திருக்கிறது. நான்காவதாக நான் எழுதியது தவறு.