நான் அனுப்பிவைத்த என் கணவரைக் கண்டுபிடித்துத் தரக் கோரி

அனுப்புநர்:
ரிஃப்கா யாகூப் (வயது 57),
ஓய்வுபெற்ற செவிலியர்,
போதகர் வீடு, யோஹன்னா குடியிருப்பு,
சந்தல்கோட், பஞ்சாப், பாகிஸ்தான்.

பெறுநர்:
மாவட்டக் காவல் அதிகாரி அவர்கள்,
சந்தல்கோட்.

பொருள்: 14.03.2019 முதல் காணாமற்போன என் கணவர் பாஸ்டர் யாகூப் சோத்ரா – கடத்தல் வழக்காகப் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அளித்த மூன்று மனுக்கள். எதற்கும் பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

முந்தைய மூன்று மனுக்களையும் நீதிமன்ற வாசலில் மனு எழுதுபவர் எழுதிக் கொடுத்தார். "இதெல்லாம் எதுக்கும்மா, சுருக்கமா இருக்கட்டும்" என்று அவர் வெட்டிவிட்ட சங்கதிகளையும் சேர்த்து இதை நானே எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்தருள்க.

1. என் கணவருக்கு அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருடமாக எங்கள் தேவாலயத்தின் போதகர். 14.03.2019 வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, முன்பின் தெரியாத இருவர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "எங்கம்மா மூணு நாளா பேச்சு மூச்சில்லாம கெடக்காங்க. பாதிரியார் வந்து ஜெபம் பண்ணி ஒரு வாய் தண்ணி குடுத்தா எழுந்திருவாங்கன்னு சொல்றாங்க" என்றார் மூத்தவர். முஸ்லிம் வீடுகளிலிருந்து இப்படி அழைப்பு வருவது எங்கள் ஊரில் புதிதல்ல. நோயாளி என்று யார் கூப்பிட்டாலும் இவர் நெற்றியில் பூசி ஜெபிக்கும் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

2. அன்று மட்டும் தயங்கினார். பத்து நாள் முன்பு யாரோ தொலைபேசியில் அழைத்து, ஞாயிறு ஆராதனைக்குப் புதிதாக வருகிறவர்களின் பெயர்களைக் கேட்டு மிரட்டியிருந்தார்கள். இவர் தர மறுத்துவிட்டார். என்னை உள்ளே கூப்பிட்டு, "இன்னைக்கு வேண்டாம்னு தோணுது ரிஃப்கா. நாளைக்கு நாலு பேரோட போறேனே" என்றார்.

3. நான் கேட்கவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வந்தவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்திருந்தேன். இருபத்தாறு வருடம் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவள் நான். என் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர், நான் கிறிஸ்தவள் என்பதால், என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. செவிலியர் அறையில் என் கோப்பை தனியாக ஜன்னலோரம் இருக்கும். ஆனால் அந்த இருவரும் எங்கள் வீட்டுக் கோப்பையை வாய் வைத்துக் குடித்தார்கள். இளையவர், "அம்மா, இன்னொரு கப் கிடைக்குமா?" என்று கேட்டே வாங்கினார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று, ஐயா.

4. "நம்ம வீட்டுல டீ குடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. இவங்களப் போய்ச் சந்தேகப்படறீங்களே. ஒருத்தி சாகக் கெடக்கறா, எழுந்து போங்க" என்று என் கணவரைக் கடிந்துகொண்டேன். எனக்கு நாக்கு நீளம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். செவிலியராக இருந்த நான் அந்த நோயாளியின் பெயரைக் கேட்கவில்லை, என்ன மருந்து கொடுத்தார்கள் என்றும் கேட்கவில்லை. அவர்கள் வந்த காரின் எண் பலகையில் சேறு அப்பியிருந்தது. அந்த வாரம் மழையே இல்லை. அதைப் பார்த்தும் நான் கையசைத்து அனுப்பினேன்.

5. புகார் தர மூன்று நாள் தாமதித்ததும் என் தவறு. நோயாளி தேறும்வரை, இல்லையென்றால் அடக்கம் முடியும்வரை, போதகர் அந்த வீட்டில் தங்குவது எங்கள் வழக்கம். ஞாயிறு ஆராதனைக்கு ஜனங்கள் வந்து உட்கார்ந்து, அவர் வராதபோதுதான் நான் காவல் நிலையத்துக்கு ஓடினேன்.

6. காவல் நிலையத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். விசாரணை அதிகாரி சிரித்துவிட்டு, "டீ குடுத்து வழியனுப்பிட்டு வந்து கடத்தல்னு சொல்றியேம்மா" என்றார். 'சொந்த விருப்பத்தில் வெளியூர் சென்றவர்' என்று நாட்குறிப்பில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். எதிர்த்துப் பேசத் துணிவில்லாமல் போட்டுவிட்டேன். வீட்டில் மட்டும்தான் நான் துணிச்சல்காரி.

7. எதிர்க் கடை முடிதிருத்துபவர் குல்ஷேர், எங்கள் தெருமுனையில் காத்திருந்த வேறு இரண்டு கார்களும் பின்னாலேயே சென்றதைப் பார்த்ததாக முதலில் என்னிடம் சொன்னார். மறுவாரம், "அக்கா, நான் எதையும் பாக்கல. எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பாதுகாப்பு தருவதாகத் தாங்களே கூப்பிட்டுச் சொன்னால் ஒருவேளை பேசுவார்.

8. ஏழு மாதம் இருபத்தொரு நாள் ஆகிவிட்டது. என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையும் மாலையும் மாத்திரை தவறக்கூடாது. மாத்திரை இல்லாமல் ஓர் உடம்பு என்னவாகும் என்று நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு இரவும் பகலும் ஒன்றாகிவிட்டது.

ஆகவே, நான் கையெழுத்திட்ட பதிவை ரத்து செய்து இதைக் கடத்தல் வழக்காக விசாரிக்கும்படி வேண்டுகிறேன். அவர் அரசின் ஏதேனும் பிரிவின் பிடியில் இருந்தால், குற்றம் என்ன என்று சொல்லி நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். சிறை என்றாலும் சம்மதம், மாத்திரையோடு வாரம் ஒருமுறை வந்து நிற்பேன். அவர் இறந்திருந்தால் அதையும் என்னிடம் மறைக்க வேண்டாம்.

யார் கொண்டுபோனார்கள் என்று தெரியாமல் போனாலும் போகட்டும், அவர்களுக்குத் தண்டனையும் கேட்கவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று சொன்ன மனிதரைத் திட்டி அனுப்பினேன். தவறு என்னுடையது என்று அவர் முகத்தைப் பார்த்து ஒருமுறை சொல்ல வேண்டும். அதை மனுவாக எழுதி வேறு எந்த அலுவலகத்திலும் கொடுக்க முடியாது, ஐயா.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) ரிஃப்கா யாகூப்

இடம்: சந்தல்கோட்
நாள்: 04.11.2019