பெரியப்பா வீட்டு விலாசம்

மோர்னிங்சைட்,
ஸ்காபரோ.
ஏப்ரல் 14

என் அன்புக்குரிய மாக்கஸ் அண்ணைக்கும் துர்க்கா மச்சாளுக்கும்,

தம்பி சீமோன் எழுதுவது. மாதாவின் துணையால் நானும் கிளடிஸும் மகள் ஸ்டெபனியும் சுகம். உங்கள் இருவருடைய சுகத்துக்காகவும் கிளடிஸ் தினமும் செபமாலை சொல்கிறாள். மச்சாளின் முழங்கால் நோவுக்குத் தனியாகவும் ஒன்று சொல்கிறாள்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் என்றால் நான் வாய் திறக்க முதலே நீங்கள் "அட்மிஷன் என்னடா ஆச்சு?" என்று கேட்பீர்கள். நானும் "இன்னும் ஒண்டும் வரேல்லை அண்ணை" என்பேன். இரண்டு கிழமையாக அப்படித்தான் சொல்லி வருகிறேன். அது பொய். கடிதத்தில் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

நான் கதை சொன்னால் மன்னாருக்குப் போவதற்குத் திருகோணமலையையும் சுற்றி வருவேன் என்று பகிடி பண்ணுவீர்கள். அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டெபனி விண்ணப்பத்தில் உங்கள் வீட்டு விலாசத்தைப் போடவில்லை. இந்த மோர்னிங்சைட் விலாசத்தைத்தான் போட்டாள். அவள் உங்களோடு இருக்கிறாள் என்று நீங்கள் சட்டத்தரணியிடம் போய்க் கையெழுத்து வைத்து அனுப்பிய கடுதாசி எங்கள் அலுமாரிக்குள் அப்படியே கிடக்கிறது. பல்கலைக்கழகத்தின் பதில் வந்துவிட்டது. எடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் போட்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

ஆரம்பத்தில் உங்கள் விலாசத்தைத்தான் எழுதினாள். அது எல்லைக்கு அந்தப் பக்கம் உங்கள் ஊர் அரசாங்கப் பல்கலைக்கழகம், தங்கள் மாநிலத்துப் பிள்ளைகளுக்குத்தான் முதல் பந்தி, வெளியாருக்கு மிச்சம் இருந்தால்தான் என்று நீங்கள் விளங்கப்படுத்தினீர்கள். "பெரியப்பா வீடு பிள்ளையின்ர வீடுதானே, இதில என்னடா பொய்?" என்றும் கேட்டீர்கள். எனக்கும் அது ஞாயமாகத்தான் பட்டது. கிளடிஸ் மட்டும், "ஒரு கிழமை லீவுக்குப் போய் நிண்ட வீடு" என்று முணுமுணுத்தாள். அவள் மழை பெய்தாலும் முணுமுணுப்பாள், வெயில் எறித்தாலும் முணுமுணுப்பாள் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அந்தப் படிவம் விலாசத்தோடும் மார்க்ஸோடும் முடியவில்லை, அண்ணை. நீ எப்படிப்பட்ட பிள்ளை, நீ இருக்கிற இடத்தில் மற்ற ஆட்களுக்கு என்ன செய்தாய் என்று எழுதச் சொல்லியிருந்தது. அவள் படிக்கப் போவது ஏரியையும் மீனையும் பற்றி. நானும் நீங்களும் கடலில் சும்மா படித்ததை இவள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்கப் போகிறாள். மீனுக்கு வலை வீசுகிறவனின் குணம் எதற்கு என்று கேட்டேன். "அப்பா, ப்ளீஸ்" என்றாள்.

எங்கள் பில்டிங் பதினாலு மாடி என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு லிப்ட். ஒன்று போன ஒக்டோபரில் நின்றது, மற்றது தன் எண்ணத்துக்கு ஓடும். திருத்த வந்தவன் நல்ல மனிதன். அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்கிற கடையிலிருந்து கொண்டுவந்த மட்டன் ரோல்ஸ் மூன்றைச் சாப்பிட்டுவிட்டு, ஏதோ ஒரு பாகம் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். "அது நடந்து வருகுதாக்கும்" என்றாள் கிளடிஸ். மார்கழியும் வந்தது, பாகம் வரவில்லை.

பதினோராம் மாடியில் ஜெயமலர் அன்ரி இருக்கிறா. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். லிப்ட் நின்றால் படியால்தான் இறங்க வேண்டும். அன்ரி இருந்து களையாற, ஸ்டெபனி மூன்று மாடிக்கு ஒரு கதிரையாகப் படிக்கட்டில் வைத்தாள். நெருப்புப் பிடித்தால் ஆட்கள் இடறி விழுவார்கள் என்று பில்டிங்கைப் பார்க்கிற சூப்பரிண்டென்ட் அவற்றைத் தூக்கிவிட்டான். இவள் மடிக்கிற ஸ்டூல் ஒன்று வாங்கி, பில்டிங்கில் உள்ள பெரிய பிள்ளைகள் ஏழு பேரைச் சேர்த்து, எந்த நாள் யார் ஸ்டூலோடு அன்ரியின் பக்கத்தில் இறங்குவது என்று டைம்டேபிள் போட்டு ஒட்டினாள். ஜெயமலர் அன்ரியின் வாய் உங்களுக்குத் தெரியாது. "சீமோன், உன்ர மகளின்ர டைம்டேபிளில எனக்குச் சாகிறதுக்கு மட்டும் நேரம் போடேல்லை" என்று படிக்கட்டு முழுக்கக் கேட்கச் சொன்னா.

ஸ்டெபனி இதைத்தான் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு முதல் பக்கத்தைப் பார்த்தாள். அங்கே உங்கள் விலாசம். தனி வீடு, முன்னுக்குப் புல்லு, லிப்டே இல்லாத தெரு. அந்த வீட்டில் இருக்கிற பிள்ளை மோர்னிங்சைட்டில் எப்படி ஸ்டூல் தூக்கும்?

நான்தான் கெட்டித்தனமாக ஒரு வழி சொன்னேன். "லிப்டைத் தூக்கிப் பெரியப்பாவின்ர ஊருக்குக் கொண்டுபோ. அங்கயும் மாடி வீடுகள் இருக்கும்தானே" என்றேன். "அப்பா, அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. ஆரின்ர பக்கத்தில இறங்கினன் எண்டு எழுதுறது?" என்று கேட்டாள்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்கு வழக்கம்போல ஊர்க்கதை வந்தது. இது எங்களுக்குப் புதிதில்லை, மகள், எங்கள் நாட்டிலும் மாவட்டம் பார்த்துத்தான் கம்பஸுக்கு எடுத்தார்கள் என்று தொடங்கினேன். யாழ்ப்பாணத்தில் போட்டி கூட என்பதால், அப்பாவுக்குப் பழக்கமான அங்கத்தைய பள்ளிக்கூட மாஸ்டர் தன் மகனை மன்னாரில் எங்கள் வீட்டு விலாசத்தில் பதிந்ததையும், அவன் யாழ்ப்பாணத்திலேயே டியூஷன் படித்துவிட்டுச் சோதனைக்கு மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கியதையும் சொன்னேன். எங்கள் விலாசத்தில் ஒருத்தன் டொக்டர் ஆனான் என்று அப்பா சாகும்வரை பெருமைப்பட்டதையும் சொன்னேன்.

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அப்ப அந்த இடம் ஒரு மன்னார்ப் பிள்ளைக்கு வந்திருக்கும்தானே, அப்பா. அது ஆர்?" என்று கேட்டாள்.

அண்ணை, நாற்பது வருடமாக அந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

அந்த வருடம் நீங்களும் அந்தச் சோதனையை எழுதினீர்கள். பெறுபேறு வந்த அன்று மாஸ்டரும் மகனும் வந்தார்கள் என்று அம்மா கோழி அடித்தா. பின்வளவில் இருந்து அதை உரித்துக் கொடுத்தது நீங்கள். எனக்குப் பதினொரு வயது, இறைச்சி எப்போது வேகும் என்பதுதான் என் யோசனை. அடுத்த மாதம் நீங்கள் அப்பாவோடு மீன்பிடி வள்ளத்தில் ஏறினீர்கள். கொஞ்சத்தில் தவறிவிட்டது என்று வீட்டில் கதைத்தார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நீங்கள் இன்றைக்கு வரைக்கும் சொன்னதில்லை.

நான் அவளிடம் "தெரியாது, மகள்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடிய எழும்பிப் பார்த்தால் விலாசத்தை மாற்றிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். வெளியார் வரிசையில் நின்றால் கிடைக்காமல் போகும் என்று கத்தினேன். "கிடைச்சா என்ர பேரில கிடைக்கட்டும்" என்றாள். அந்த மாநிலத்தில் சொந்தக்காரர் யாரும் உண்டா என்று ஒரு கேள்வி இருந்ததாம். அதில் உங்கள் பெயரையும் மச்சாளின் பெயரையும் போட்டு, பெரியப்பா, பெரியம்மா என்றே இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருக்கிறாள். அங்கிள் என்று போடு, அவர்களுக்கு விளங்காது என்றேன். "விளங்காட்டி கேப்பினம், நான் சொல்லுவன்" என்று முடித்துவிட்டாள்.

காத்திருக்கிறவர்களை மே முடியும் மட்டும் கூப்பிடலாமாம். கூப்பிட்டால் வருவாள். இல்லாவிட்டால் இங்கே ஒரு பல்கலைக்கழகம் வா என்று எழுதியிருக்கிறது. எது நடந்தாலும் படிப்பாள், அந்தக் கவலை எனக்கில்லை. அவளுக்கு இருக்கிற கவலை வேறு. நேற்றுக் கிளடிஸுக்குச் சீப்பால் தலை இழுத்துக் கொண்டிருக்கும்போது, "பெரியப்பா இனி என்னோட கதைப்பாரோ?" என்று கேட்டாளாம். உங்கள் வீட்டில் அவளுக்கென்று ஒதுக்கிய மேல் அறைக்கு மச்சாள் வாங்கி வைத்த திரைச்சீலையைப் பற்றியும் கேட்டாளாம். கிளடிஸுக்கு முணுமுணுக்கக்கூட வரவில்லை.

ஆகையால் அண்ணை, பொய் சொன்னதற்கு என்னைத் திட்டுங்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவளோடு மட்டும் ஒருக்கால் கதையுங்கள். அந்தக் கேள்வியை அவள் உங்களிடமும் கேட்கக்கூடும். பதில் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் சொல்லமாட்டேன், அது என்னுடைய கதை இல்லை.

இன்னும் ஒன்று. படிக்கப் போகிற பிள்ளையின் நெற்றியில் வீட்டுக்கு மூத்தவர்தான் சிலுவை அடையாளம் போட்டு அனுப்ப வேண்டும். அப்பா இல்லை, இப்போது மூத்தவர் நீங்கள். அவள் அங்கே வந்தாலும் சரி, இங்கேயே நின்றாலும் சரி, செப்டெம்பருக்கு முதல் மச்சாளையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள். வந்து உங்கள் கையால் போட்டு அனுப்புங்கள், அண்ணை. உங்களுக்கு அன்றைக்கு ஒருத்தரும் போடவில்லை.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
தம்பி
சீமோன்