அப்பாவுக்குத் தெரியாத காமாலை

ஆம்பூர்
வியாழக்கிழமை

அன்பு மகள் தபஸ்ஸுமுக்கு அம்மி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதில் விழக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அவர் உருதுப் பள்ளியில் படித்தவர், தமிழ் எழுத்து அவருக்கு பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான். அந்தத் தைரியத்தில் அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். "இன்னா எழுதற" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். நீ பிரியாணிக்கு மசாலா அளவு கேட்டதாகச் சொல்லிவைத்தேன்.

விஷயம் இதுதான். என் கிட்னி அப்பாவுக்குப் பொருந்துகிறது என்று சந்தோஷப்பட்டோமே, போன வாரம் வேலூரில் எடுத்த டெஸ்டில் எனக்கு எப்போதோ ஹெபடைடிஸ் பி வந்து போன அடையாளம் தெரிகிறதாம். டாக்டர் சங்கீதா தனியாகக் கூப்பிட்டு, "எப்பனா காமாலை வந்துச்சாம்மா" என்று கேட்டார். இல்லை என்றேன். முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. நிக்காஹுக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குக் காமாலை கண்டது. தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டு ஆம்பூர்க்காரர்கள் சம்பந்தத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, என் அம்மா ஹல்திச் சடங்கை முன்னாலேயே வைத்து, மஞ்சள் பூசி, மஞ்சள் துணி உடுத்தி அறைக்குள் உட்கார வைத்துவிட்டார். கல்யாணப் பெண் தலை நிமிர மாட்டாள், என் கண்ணை யார் பார்த்தார்கள். மோரில் கீழாநெல்லி, உப்பில்லாத கஞ்சி, பத்து நாளும் அதுதான். சரியாகிவிட்டது, அத்தோடு போயிற்று என்று இருந்தேன்.

டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டு வந்து சோறு இறங்கவில்லை, மறுநாள் பஸ் ஏறிப் போய் உண்மையைச் சொன்னேன். கிருமி இப்போது ரத்தத்தில் இல்லை, கிட்னி கொடுக்கலாம் என்கிறார். ஆனால் ஆபரேஷன் ஆனதும் அப்பாவுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை கொடுப்பார்களாம், என்னிடமிருந்து ஏதாவது ஒட்டிப் போயிருந்தால் அப்போது கிளம்பிவிடலாமாம். அதற்குத் தடுப்பூசிதான் காவல். டயாலிசிஸில் போட்ட ஊசி அவருக்குச் சரியாகப் பிடிக்கவில்லை, அதன் பலன் ரத்தத்தில் நூறாவது வேண்டுமாம், அவருக்கு எட்டுதான். இன்னும் ஊசி போட்டுப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். அதைவிட, விஷயம் தெரிந்து அப்பா சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா" என்று டாக்டர் கேட்டார். திங்கட்கிழமை வரை தவணை வாங்கி வந்திருக்கிறேன். கால் வீங்கி, உப்பில்லாத சோற்றைப் பிசைந்துகொண்டு அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வாய் வரை வருகிறது. ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று கோபித்து, உன் கிட்னியே வேண்டாம் என்றுவிட்டால் நான் என்ன செய்வேன். எழுந்து போய்ப் பாத்திரம் துலக்குகிறேன், துலக்கியதையே மறுபடி துலக்குகிறேன்.

பிள்ளைகளும் ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். நீ டெஸ்ட் எடு, ஒன்றும் இல்லை என்றால் தடுப்பூசியை முழுக்கப் போட்டுக்கொள், குட்டிக்குப் போட்டாயிற்றா என்று அட்டையைப் பார். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போ. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன், மறைக்காதே. பக்கத்து வீட்டு நயீம் சனிக்கிழமை மஸ்கட் வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அல்லாஹ் உன் வீட்டில் பரக்கத்தும் நிம்மதியும் தரட்டும். டெஸ்டை மறந்துவிடாதே.

உன் அம்மி
சைரா

உறையை ஒட்டுவதற்குள் அப்பா பிடித்துக்கொண்டார், மசாலாவுக்கு இத்தனை பக்கமா என்று. முதல் வரியிலிருந்து உருதுவில் சொல்லி வாசித்துக் காட்டிவிட்டேன். பிறகு, "லெட்டர் போய்ச் சேர்ற வரிக்கும் எதுக்கு, பொண்ணுக்கு இப்பவே போன் போடு" என்றார். நான் போனைத் தேடிக்கொண்டிருக்கும்போது, "பத்து நாளும் உப்பில்லாமயா சாப்ட்ட" என்று கேட்டார்.