கவரேஜ் இல்லாத வயல்

மச்சான்,

இன்று காலை சந்தியில் ராணியின் கொமினிகேசன் கடைக்கு, போனுக்கு றீலோட் போடப் போயிருந்தேன். "கதைக்கிறதுக்கு மட்டும் போடு பிள்ளை, டேட்டா வேண்டாம்" என்றேன். போனைக் கையில் வாங்கியவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னண்ணை, மாதாமாதம் டேட்டா பக்கேஜ் போட்ட மனுசன் நீங்கள். இப்ப என்ன வந்தது? உங்கட சிநேகிதர் செத்துப்போயும் அந்தாளின்ர கஞ்சத்தனம் உங்களில வந்து ஏறியிட்டுது போல" என்றாள். கடையில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? வெளியே வந்து மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது உன் நினைப்பு வந்தது. அவளின் கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று நீயும் இப்படித்தான் சிரிப்பாய்.

உன்னைப்போல ஒரு கஞ்சனை வட்டக்கச்சி கண்டதில்லை என்றுதான் ஊர் முழுக்க நம்பியது. மகன் பிரான்சில். அவன் அனுப்பிய டச் போன் பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்குள், உன் மனிசியின் கூறைச்சேலைக்குக் கீழே கிடந்தது. நீயோ, பின்மூடி கழன்று விழாமல் ரப்பர் வளையம் போட்ட ஒரு பட்டன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாய். "வீடியோவில கதைக்க ஒரு பக்கேஜ் போடுங்கோவன்" என்று யார் சொன்னாலும் "வீண் காசு" என்பாய். அந்த இரண்டு சொல்லோடு கதை முடிந்துவிடும். என் மகளின் கலியாணத்துக்குக் கேளாமலே நெல்லு மூடைகளைக் கொண்டுவந்து இறக்கிய மனிதன் நீ. கோவில் அன்னதானத்துக்கு முதல் ஆளாகக் கொடுப்பவன். நீ கஞ்சன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஏன் கஞ்சன் வேசம் போட்டாய் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாய். அறுவானே, செத்த பிறகும் அது என்னை விடுகுதில்லை.

றோட்டுக்கரையில் கிடந்த உன் வயலை, உழவு மெசின் வாங்கிய நாளிலிருந்து நான்தான் உழுது தந்தேன். மூலை வரம்பில் ஒரு மருதமரம். தாய் செத்தபிறகு, வீட்டில் விட ஆளில்லாமல், உன் மகன் சீலனை அந்த மருதுக்குக் கீழே சாக்கு விரித்து இருத்திவிட்டுத்தான் நீ வயல் செய்தாய். நான் மெசினைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அவன் கையாட்டுவான். அவன் எழுத்துப் படித்ததும் அந்த மரத்தடியில்தான். சேற்றில் குச்சியால் 'அ' எழுதிவிட்டு, "மாமா, மிதிச்சுப்போடாதேங்கோ" என்று கத்துவான்.

பிறகு அவன் வளர்ந்தான், வெளிநாடு போக வெளிக்கிட்டான். ஏஜென்சிக்காரன் நடுவழியில் ஏதோ ஒரு நாட்டில் கைவிட்டான். மீட்டு அனுப்ப இன்னொருவன் காசு கேட்டான். நீ இரவல் கேட்டு அலையவில்லை, ஒருவருக்கும் சொல்லவும் இல்லை. வயலை விற்றாய். "யாழ்ப்பாணத்தில பெரியம்மா நகை அடைவு வைச்சுத் தந்தவா" என்று மகனுக்குச் சொன்னாய். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்; வயல் விற்றது அவனுக்கும் தெரியும் என்றே ஊர் நினைத்தது. வாங்கினவன் வயலுக்குக் கிறவல் மண் கொட்டி மேடாக்கி, மருதைத் தறித்து, தகரக் கொட்டில் ஒன்று கட்டி, சுற்றிவரத் தகரத்தால் அடைத்தான். மரம் விழுந்த அன்றைக்குப் பிறகு நீ அந்த றோட்டால் போகவில்லை. கடைக்குப் போவதென்றாலும் வாய்க்கால் கரையால் சுற்றித்தான் போனாய்.

நான் உன்னோடு சண்டை பிடித்தேன், நினைவிருக்கா? "இண்டைக்கில்லாட்டி நாளைக்கு அவனுக்குத் தெரியத்தானே போகுது. சொல்லித் துலையடா" என்றேன். நீ மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னாய்: "அங்க ஒரு குசினிக்குள்ள விடிய விடியக் கோப்பை கழுவிக்கொண்டு நிக்கிறான் மச்சான். விசா இல்லை. வெளியில போகப் பயம். இஞ்ச ஒரு வயல் கிடக்கு எண்ட நினைப்பில நிக்கிறான். அதையும் பிடுங்கினா அவன் எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?"  

ஞாயிறுகளில் அவன் அங்கிருந்து போன் எடுப்பான். எங்கே நின்றாலும் நீ அந்தப் பட்டன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்விடுவாய், என்னை மட்டும் பக்கத்தில் நிற்க விடுவாய். அதற்கு முதல்நாள் என்னிடம் வந்து விசாரிப்பாய்: யாருடைய வயல் கதிர் தள்ளும் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டது, எங்கே பூச்சி விழுந்திருக்கிறது, குளத்துத் தண்ணீர் எப்போது திறக்கிறார்கள். அடுத்தநாள் அதெல்லாம் உன்னுடைய வயலில் நடந்ததாகப் போனில் ஓடும். "இந்தமுறை ஆட்டக்காரி நெல்லு விதைச்சனான். நல்லா வந்திருக்கு." "மருது நிக்குதோ அப்பா?" "நிக்குதடா. கொக்கு வந்து குந்துது." கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் எனக்கே, போய்ப் பார்க்கவேண்டும் போல இருக்கும். வாயால் வயல் செய்யலாம். வீடியோவில் செய்ய ஏலாது. அவ்வளவுதான் உன் கஞ்சத்தனத்தின் விசயம்.

"வீட்டுக்குள்ள இருந்தெண்டாலும் முகத்தைப் பாத்துக் கதையன்" என்று நான் கேட்டேன். "வீட்டுக்குள்ள துவங்கினா முத்தத்தைக் காட்டச் சொல்லுவான். முத்தத்தைக் காட்டினா வயலைக் காட்டச் சொல்லுவான். அவன் முகத்தைப் பாத்துக்கொண்டு ஏலாதெண்டு சொல்ல எனக்கு வராது. எனக்கு என்னைத் தெரியும் மச்சான்" என்றாய். என்னுடைய இலக்கத்தையும் அவனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தாய், என்னிடம் வீடியோ இருந்தபடியால்.

அவனும் விடவில்லை. ஒருநாள் அங்கிருந்தபடியே உன் போனுக்கு டேட்டா போட்டுவிட்டான். தகவல் வந்து விழுந்ததைக் கண்டு, போனைச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு, பாம்புக்குட்டியைத் தூக்கிவருகிறவன் மாதிரி நீ என் வளவுக்குள் ஓடிவந்தாய். "மச்சான், இது இனித் தானாத் திறந்து காட்டுமோ?" எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "அட விசரா, இந்தப் பட்டன் போனில கமராவே இல்லையடா!" நீ நம்பவில்லை. எப்படியாவது அதை முடித்துத் தரச்சொல்லி அடம்பிடித்தாய். கடைசியில் உன் சிம்மை என் போனில் போட்டுத் தவில் கச்சேரி பார்த்தோம். பின்னேரம் முழுக்க என் மாமரத்தடியில் இரண்டு கதிரை போட்டு, மகன் அனுப்பிய டேட்டாவைத் தவிலில் கரைத்தோம். தாளம் போட்டுக்கொண்டு இடைக்கிடை "முடிஞ்சிட்டுதோ?" என்று கேட்டாய். முடிந்தபிறகு நீ எழும்பவில்லை. "எனக்கு மட்டும் அவன்ர முகத்தைப் பாக்க ஆசையில்லையோ?" என்றாய். நான் சிம்மைக் கழற்றி உன் போனில் திரும்பப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் "நான் எந்நேரமும் வயலடியிலதானே, இஞ்ச கவரேஜ் இல்லையடா" என்ற கதையைத் தொடங்கினாய். அந்த வயலடியில் நின்றால் போன் ரவர் தலைக்குமேல் தெரியும்! அவன் விளங்காதவனா? "என்ர முகத்தைப் பாக்கிறது உங்களுக்கு அவ்வளவு வீண் காசோ அப்பா?" என்று ஒருநாள் கோபத்தில் பேசிவிட்டானாம். எனக்கு வந்து சொன்னாய். சொல்லும்போது சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பத்தி எரிந்தது.

ஆரோ ஒருவனுடைய வயலில் கூலிக்கு வரம்பு கட்டிக்கொண்டு நின்ற காலைநேரம் நீ விழுந்தாய். ஓட்டோவில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகமுன்னமே முடிந்துவிட்டது. செத்தவீட்டை மகன் பார்க்கவேண்டுமே. ரவுண் கடைத்தெருவிலிருந்து வீடியோக்காரனைப் பிடித்தோம். இடையில் அறுந்துபோகக்கூடாது என்று ஆகப் பெரிய பக்கேஜாகப் போட்டான். வாழ்நாளில் நீ போடாத டேட்டாவை உன் சவத்துக்குப் போட்டார்கள், மச்சான். கமராவை உன் தலைமாட்டில் வைத்தபோது, போனுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. "இப்பதானே அப்பா முகத்தைக் காட்டுறீங்கள்." 

பெட்டியைத் தூக்கும் நேரம் அவன் என் போனுக்கே எடுத்தான். யாரோ என் இலக்கத்தைக் கொடுத்துவிட்டார்கள். "மாமா, சுடலைக்குக் கொண்டுபோகேக்க அப்பாவை எங்கட வயலடியில ஒருக்கா இறக்கி வையுங்கோ. மருதுக்குக் கீழ. நான் அதைப் பாக்கவேணும்." என்ர கடவுளே, நான் என்ன செய்வேன்? "ஓம் தம்பி" என்றேன். வயலடி வரமுன்னம் வீடியோக்காரனின் காதுக்குள் போய், "இதில நிப்பாட்டு. நான் சொல்லுமட்டும் போடாதை" என்றேன். அவனும் நல்ல பொடியன், ஏன் என்று கேட்கவில்லை. அந்தத் தகரப் படலைக்கு முன்னால், கிறவலில், உன்னை இறக்கி வைத்தோம். மகன் கேட்டது நடந்தது, அவன் பார்க்கவில்லை. உள்ளே நின்ற நாய் ஓயாமல் குரைத்தது. நீ மிதிக்க மாட்டேன் என்று ஒதுங்கிப் போன இடத்தில் உன்னைக் கொண்டுபோய் வைத்ததற்கு என்னை ஏசாதே.

எரித்துவிட்டு வந்து கிணற்றடியில் தோய்ந்துகொண்டு நிற்கும்போது அவன் திரும்ப எடுத்தான். "மாமா, வயலடியில மட்டும் வீடியோ நிண்டிட்டுது." நான் என்ன சொல்ல? நீ சொன்னதையே சொன்னேன். "ஓம் தம்பி, அந்த இடத்தில கவரேஜ் இல்லை. கொப்பர் சொல்லுறவர்தானே."  அவன் குழறி அழத் தொடங்கினான். "அப்ப அப்பா சொன்னது உண்மை மாமா. காசுக்குப் பாத்துத்தான் பொய் சொல்லுறார் எண்டு நான் பேசிப்போட்டனே. கவரேஜ் இல்லாத இடத்தில மனுசன் என்ன செய்வார்?" ஈரத் துண்டோடு கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். உன் பொய்யைக் காப்பாற்றப் போய், அவன் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு அழும்படி செய்துவிட்டேன். நான் உண்மையைச் சொன்னாலும் அவன் அழத்தான் போகிறான், சொல்லாவிட்டாலும் அழத்தான் போகிறான்.

இப்போது ஞாயிறுகளில் எனக்குத்தான் எடுக்கிறான். "வயலை நீங்களே பாத்துச் செய்யுங்கோ மாமா" என்று என்னிடம் ஒப்படைத்திருக்கிறான். நானும் விதைக்கிறேன், மருந்தடிக்கிறேன், அரிவு வெட்டுகிறேன், எல்லாம் வாயால். ஆனால் வீடியோவில் எடுக்கத் தொடங்கினான். நான் ஒன்லைனில் நிற்பது அவனுக்குத் தெரிகிறதாம். அதோடு என் பக்கேஜை நிறுத்திவிட்டேன். லண்டனில் என் மகளின் பிள்ளை நடக்கத் தொடங்கியிருக்கிறது. நான் பார்க்கவில்லை. "ஏனப்பா உங்களுக்கு இந்தப் புதுப் பழக்கம்? நான் போட்டுவிடட்டே?" என்கிறாள் மகள். "வேண்டாம் பிள்ளை, வீண் காசு" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று உறைத்தது.

இன்று ராணியின் கடையிலிருந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தமுன்னமே போன் அடித்தது. ஞாயிறும் இல்லை. சீலன்.

"மாமா, கடைசியாப் போட்ட விசாக் கேஸும் சரிவரேல்லை. போகச்சொல்லிக் கடிதம் தந்திட்டாங்கள்."

"ஐயோ தம்பி..."

"பரவாயில்லை மாமா. எனக்கும் அலுத்துப்போச்சு. என்னோட இருக்கிற பொடியள் எல்லாம், காணியில்லை, வீடில்லை, திரும்பிப்போய் என்ன செய்யிறதெண்டு அழுறாங்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. வயல் கிடக்குத்தானே. மாரி மழையோட காலபோக விதைப்புக்கு வந்திடுவன். நீங்கள் உழுது மட்டும் தாங்கோ."

கேட்கிறதா மச்சான்? அங்கே நிற்பதற்கென்று நீ கொடுத்த வயலைப் பிடித்துக்கொண்டு அவன் இங்கே வருகிறான். வந்து இறங்கி, பையோடு நேரே அந்தத் தகரப் படலையடிக்குத்தான் போவான். அப்போது நீ இருக்க மாட்டாய். நான் இருப்பேன். எத்தனையோ பேர் எதை எதையோ விட்டுவிட்டுச் சாகிறார்கள், நீ எனக்கு விட்டுப்போனது இல்லாத ஒரு மரம். இப்போதே சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தேன், சத்தியமாக எடுத்தேன். "தம்பி, ஒரு விசயம்" என்றும் சொல்லிவிட்டேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு சந்தோசமாகக் கதைக்கிறான்.

"மாமா, மருது நிக்குதுதானே?"

"நிக்குது தம்பி" என்றேன்.

கொக்கு வந்து குந்துதோ என்று கேட்டான். அதற்கும் ஓம் என்றேன்.